மென்மையான பேட்ஜர் பிரஷ்: நுரை கட்டக் கற்றுக்கொள்ள முழுமையான வழிகாட்டி

பேட்ஜர் என்ற விலங்கின் முடியால் கட்டிய மென்மையான ஷேவிங் பிரஷ் வாங்கியவர்கள் சில நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "முகத்துக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா நுரை ஏன் வரமாட்டேங்குது?" பெரும்பாலும் பிரஷிலும் குறை இருக்காது, சோப்பிலும் குறை இருக்காது. பன்றி முடி பிரஷிலோ நைலான் பிரஷிலோ வருஷக்கணக்காகப் பழகிய கை, அதே அழுத்தத்தோடு இதையும் தேய்க்கிறது. மென்மையான பேட்ஜரில் அழுத்தினால் முடி விரிந்து படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேலை செய்வது முடியின் நுனி. அதற்குத் துணை, சரியான அளவு தண்ணீர். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முடியைப் பற்றிக் கொஞ்சம்

பேட்ஜர் என்பது வளைக்கரடி இனம். பிரஷுக்கான முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் பேட்ஜரைக் கொல்வதும் துன்புறுத்துவதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனவே லண்டனில் 1919-ல் தொடங்கி இப்போது ஐல் ஆஃப் மேன் தீவில் இயங்கும் சிம்ப்சன் போன்ற பழைய பிரஷ் நிறுவனங்களும் இறக்குமதி முடியைத்தான் கட்டுகின்றன.

உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வேர்ப்பக்கம் மெலிந்து, நடுவில் தடித்து, நுனிக்குப் போகப்போக மறுபடி இழையாக மெலியும். நுனி வெள்ளை, நடுவில் கறுப்புப் பட்டை, அடியில் பல பிரஷ்களில் மறுபடி வெளிர்நிறம். இந்த வடிவத்தால்தான் கட்டிய முடிக்கொத்து மேலே பூவாக விரிகிறது. முடிகளுக்கு நடுவே நிறைய இடைவெளி இருப்பதால் தண்ணீர் அங்கே போய் நின்றுகொள்கிறது. பன்றி முடி அப்படியில்லை. அது தானே தண்ணீரை உறிஞ்சி ஊறி மென்மையாகும், அதனால் அதை நேரம் கொடுத்து ஊறவைக்க வேண்டும், பல வாரம் பழக்க வேண்டும். பேட்ஜருக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை.

கடைகளில் ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் பிரித்து விற்பார்கள். இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'பெஸ்ட்' இன்னொரு நிறுவனத்தின் 'சூப்பரை'விட மென்மையாக இருக்கலாம். மொத்தத்தில் ப்யூர் என்பது கருநிறமான, கொஞ்சம் குத்துகிற முடி. சில்வர்டிப் என்பது நீண்ட வெள்ளை நுனியுள்ள, தோலில் பட்டதே தெரியாத முடி. இந்த வழிகாட்டி அந்தக் கடைசி வகைக்கானது. வல்ஃபிக்ஸ் நிறுவனத்தின் சூப்பர் பேட்ஜர் பிரஷ்களும், ஜெர்மனியின் ம்யூலே நிறுவனம் செய்த சில்வர்டிப் பிரஷ்களும் இந்த மென்மைக்குப் பெயர்போனவை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சீனாவில் இந்த முடி எடுக்கப்படும் விதம் கொடூரமானது என்று விலங்குநல அமைப்பான பீட்டா 2018-ல் காணொளி வெளியிட்டது. அதற்குப் பிறகு சில நிறுவனங்கள் பேட்ஜரையே விட்டுவிட்டன. மனசு ஒப்பவில்லை என்றால் வாங்காதீர்கள். இன்றைய மென்மையான செயற்கை இழை பிரஷ்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. கீழே சொல்லும் பிடியும் கையசைவும் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம், செயற்கை இழை தண்ணீரைச் சட்டென்று விட்டுவிடும், ஆகவே அதில் தொடக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த அளவு வாங்குவது

முடிக்கொத்தின் விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கைப்பிடிக்கு மேலே முடியின் உயரம் 50 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கலாம். உயரம் கூடக்கூட பிரஷ் தொளதொளவென்று ஆகும், குறையக்குறைய விறைப்பு கூடும். முதல் பேட்ஜருக்கே 28 மில்லிமீட்டர் பிரம்மாண்டம் வேண்டாம். அது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மூக்குக்குக் கீழே நுழையாது, சோப்பையும் தண்ணீரையும் ஏகமாக விழுங்கும்.

பழைய பொருள் பிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடி வரத்து குறைந்தபோது, குதிரை முடிக்குச் சாயம் ஏற்றி பேட்ஜர் மாதிரி விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆந்த்ராக்ஸ் பரவி, ராணுவ வீரர்களும் மற்றவர்களும் இறந்தார்கள். அந்தக் காலத்துப் பிரஷ் கிடைத்தால் கைப்பிடியின் அழகை ரசிக்கலாம், முகத்தில் வைக்கக் கூடாது.

புது பிரஷின் முதல் குளியல்

பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு மிருக வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துளி ஷாம்பு விட்டு உள்ளங்கையில் மெல்லச் சுழற்றி அலசுங்கள். பிறகு ஷேவிங் சோப்பில் நல்ல நுரை கட்டி, அந்த நுரையோடேயே சில மணி நேரம் விட்டுவிட்டு அலசினால் பாதி வாடை போய்விடும். மீதி சில ஷேவில் தானே போகும். முதல் வாரத்தில் சில முடிகள் உதிர்வதும் சகஜம். ஒரு மாதம் கழித்தும் ஒவ்வொரு முறையும் கொத்தாக வந்தால் அடியில் பசை சரியில்லை, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

தண்ணீர்: பாதி வெற்றி இங்கேதான்

முதலில் தண்ணீரின் தரம். சோப்பு உப்புத் தண்ணீரில் தோற்பதற்குக் காரணம், அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். அவை சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடுகின்றன. நுரையாக வேண்டிய சோப்பு கசடாகப் போய்விடுகிறது. சென்னையில் போர்வெல் தண்ணீர் வருகிற வீடுகளில் இதுதான் நடக்கிறது. விறைப்பான பிரஷ் என்றால் இரண்டு மடங்கு சோப்பைச் சுரண்டி எடுத்துச் சமாளித்துவிடும், மென்மையான பேட்ஜரால் அது முடியாது. வழி எளிது: பிரஷை நனைக்கவும் நுரை கட்டவும் மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவ, ரேஸர் அலசக் குழாய்த் தண்ணீரே போதும். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருடைய நுரைப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது சூடு. கை சுகமாகத் தாங்கும் சூட்டுக்கு மேல் போகாதீர்கள். கொதிநீர் முடியையும் கெடுக்கும், முடியைப் பிடித்திருக்கும் பசையையும் கெடுக்கும். நம் ஊர் வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது.

பிரஷை முடி மட்டும் முங்கும்படி ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். கைப்பிடியும் முடியும் சேரும் இடத்தைத் தண்ணீருக்குள் நீண்ட நேரம் வைக்க வேண்டாம். இதற்கிடையில் முகத்தைக் கழுவி ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாடி முடி இளக இரண்டு மூன்று நிமிட ஈரம் வேண்டும். மென்மையான பிரஷ் முடியைக் கிளறி நிமிர்த்தாது, ஆகவே இந்த ஈரம் மற்ற பிரஷ்களைவிட இதற்கு முக்கியம். குளித்துவிட்டு வந்து ஷேவ் செய்தால் இன்னும் நல்லது.

வெளியே எடுத்ததும் தண்ணீர் தானாக ஒழுகட்டும். அப்புறம் இரண்டு அல்லது மூன்று முறை மணிக்கட்டால் உதறுங்கள். கையால் பிழிந்து முறுக்க வேண்டாம். உதறிய பிரஷை உள்ளங்கையில் ஒற்றினால் ஈரத்தடம் மட்டும் விழ வேண்டும், சொட்டக் கூடாது. பேட்ஜர் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் ஒளித்து வைத்திருக்கும். சொட்டச்சொட்ட சோப்புக்குப் போனால் பெரிய குமிழியாகக் கிளம்பி, கன்னத்தில் தடவியதும் கரைந்து வழிந்துவிடும். கடைசியில் தண்ணீர் சேர்க்க நூறு வாய்ப்பு உண்டு, சேர்த்த தண்ணீரை எடுக்க வழியில்லை.

பிடி

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் மென்மையான பிரஷின் சூட்சுமம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கைப்பிடியின் நுனியைப் பிடித்தால் முடி முழு உயரத்துக்கும் ஆடும். விரல்களை மேலே கொண்டுபோய், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கைப்பிடிக்கு மேலே முடியின் அடிப்பகுதியை வளைத்துப் பிடிக்கும்படி வையுங்கள். இப்போது ஆடும் முடியின் உயரம் பாதியாகக் குறைந்துவிட்டது, அதே பிரஷ் விறைப்பாகிவிட்டது. சோப்பு எடுக்கும்போது இந்த மேல்பிடி, கிண்ணத்தில் நுரை கட்டும்போது கொஞ்சம் கீழே, கடைசியாக முகத்தில் தடவும்போது கைப்பிடியின் நடுவில். இந்த மாற்றம் சில நாளில் தன்னால் வந்துவிடும்.

சோப்பு எடுப்பது

மென்மையான பேட்ஜருக்கு உண்மையான ஜோடி க்ரீம்தான். இங்கிலாந்தின் பழைய க்ரீம் டப்பாக்களானாலும் சரி, நம் மளிகைக் கடையில் கிடைக்கும் கோத்ரெஜ், பாமோலிவ் ட்யூபானாலும் சரி. பாதாம் பருப்பு அளவு கிண்ணத்தின் அடியில் வைத்தால் போதும். ட்யூபிலிருந்து நேரே முடியின் நடுவில் பிதுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், க்ரீம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். தொடங்குபவர்கள் ஒரு மாதமாவது க்ரீமிலேயே பழகுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கட்டிச் சோப்பு என்றால் முன்தயாரிப்பு வேண்டும். முகம் கழுவப் போகும் முன்பே சோப்பின் மேல் ஒரு டீஸ்பூன் வெந்நீர் விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது மேற்பரப்பு வழுவழுப்பாக இளகியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மேல்பிடி பிடித்து, நுனியின் கால்வாசி மட்டும் படும்படி வேகமாகச் சின்னச்சின்ன வட்டங்கள் போடுங்கள். முழு முடியும் நசுங்கி விரிந்தால் அழுத்தம் அதிகம். பன்றி முடி பிரஷில் இருபது விநாடியில் முடிகிற இந்த வேலை, இதில் நாற்பது விநாடி, சில சோப்புகளில் ஒரு நிமிடம்கூட ஆகும். சில சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள், ஒரே பக்கமாகச் சுற்றினால் முடி முறுக்கிக்கொள்ளும். பிரஷின் நுனி முழுக்கப் பசையாக ஒட்டி, இரண்டு முடிகளுக்கு நடுவே சோப்பு இழை தெரிய வேண்டும். அதுவரை நிறுத்தாதீர்கள். நுரை போதவில்லை என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

குச்சிச் சோப்பு இதைவிடச் சுகம். துருக்கியின் ஆர்கோ போன்ற குச்சியை ஈரத் தாடியில் எதிர்வாக்கில் தேய்த்துவிட்டால், பிரஷுக்குச் சோப்பு சுரண்டும் வேலையே இல்லை. சோப்பு ஏற்கெனவே முகத்தில் இருக்கிறது, மென்மையான பிரஷ் அதை நுரையாக்கினால் போதும். மிகவும் தொளதொளப்பான பிரஷ் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் முயன்று பாருங்கள்.

கிண்ணத்தில் நுரை கட்டுதல்

உள்ளே வரிவரியாக மேடுள்ள கிண்ணம் இருந்தால் சௌகரியம். இல்லாவிட்டால் அகலமான சமையலறைக் கிண்ணம் போதும். நுனியை மட்டும் அடியில் பதித்துச் சுற்றுங்கள். முதல் அரை நிமிடத்தில் கெட்டியான பசைதான் வரும், மங்கலாக, பளபளப்பில்லாமல், கிண்ணத்தின் ஓரத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். "நுரை வந்துவிட்டது" என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இது தண்ணீர்க் குறைவான நுரை, முகத்தில் சீக்கிரம் காய்ந்து பிளேடை இழுக்கும்.

இப்போது பிரஷின் நுனியைத் தண்ணீரில் லேசாகத் தொட்டு, கால் டீஸ்பூனுக்கு மேல் போகாமல் சேர்த்து, மறுபடி பதினைந்து இருபது விநாடி சுற்றுங்கள். மறுபடி கொஞ்சம். ஒவ்வொரு முறையும் நுரை பெருகும், குமிழி சிறுக்கும், சத்தமும் மாறும். முதலில் கேட்ட 'சளக் சளக்' அடங்கி, கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல் போகும். அடித்த கெட்டித் தயிரின் பளபளப்பு வந்து, கண்ணுக்குக் குமிழியே தெரியாமல், பிரஷைத் தூக்கினால் நுனி எழுந்து மெல்ல வளைந்தால் அதுதான் பதம். சந்தேகம் இருந்தால் இரண்டு விரலுக்கு நடுவே கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டே இருந்தால் சரி. ஒட்டிப் பிடித்தால் இன்னும் தண்ணீர் வேண்டும். தண்ணீராகக் கரைந்து ஓடினால் அளவு தாண்டிவிட்டது. பிரஷை உதறிவிட்டு இன்னும் கொஞ்சம் சோப்பு எடுத்து வந்து சேருங்கள்.

முகத்திலேயே நுரை கட்டுதல்

இதற்குக் கொஞ்சம் விறைப்பான பேட்ஜர்தான் இயல்பான கருவி. மென்மையானதிலும் செய்யலாம், அழுத்தக் கூடாது என்பதுதான் நிபந்தனை. மேல்பிடி பிடித்து, கன்னத்தில் நுனியை வைத்து, ஓர் அங்குலத்துக்கு மேல் பெரிதாகாத வட்டங்களாகத் தொடங்குங்கள். இங்கே ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், முகம் முழுவதும் சுற்றிச்சுற்றி வர வேண்டும். நுரை கெட்டிப்படும்போது நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில், வாக்கு மாறி வளரும் முடியில் கூடுதலாக நேரம் கொடுங்கள்.

பதம் வந்ததும் வட்டத்தை நிறுத்திவிட்டு, கைப்பிடியின் நடுவைப் பிடித்து, மேலும் கீழுமாக, பக்கவாட்டில், நுனியால் நீவுங்கள். நுரை சமமாகப் படர்வது இந்த நீவலில்தான். மென்மையான பேட்ஜரின் சுகமும் இங்கேதான் முழுசாகத் தெரியும், வெதுவெதுப்பான நுரை தோலில் இறங்குகிறது, முடி பட்டது தெரிவதில்லை. பருக்கள் உள்ள முகத்துக்கும், ஷேவுக்குப் பிறகு கழுத்தில் சிவந்து தடிக்கும் தோலுக்கும் இந்தப் பிரஷை நான் துணிந்து சொல்வது இதனால்தான். விறைப்பான முடி தோலைச் சுரண்டுவது அவர்களுக்கு ஆகாது.

பாதி உயரத்துக்கு மேல் முடி மடியும்படி எப்போதும் குத்தி அழுத்தாதீர்கள். அப்படியே பழகினால் நடுமுடிகள் முறிந்து, ஒரு வருஷத்தில் பிரஷின் நடுவே பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய வழி கிடையாது.

ரேஸரும் அடுத்தடுத்த நுரையும்

நுரை பூசியபின் ஒரு நிமிடம் பொறுத்து ஷேவைத் தொடங்குங்கள். முதல் சுற்று முடி வளரும் வாக்கில். ரேஸர் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை, பிளேடையும் அழுத்தாதீர்கள் என்பதைத் தவிர. முகத்தை ஈரப்படுத்தி மறுபடி நுரை பூசி, இரண்டாம் சுற்று குறுக்குவாக்கில். தோல் தாங்கினால் மட்டும் மூன்றாவது எதிர்வாக்கில்.

மூன்றாம் சுற்றுக்கு வரும்போது பிரஷில் நுரை தீர்ந்ததாகத் தோன்றும். தீர்ந்திருக்காது, பேட்ஜர் அதை உள்ளே பதுக்கியிருக்கும். முடியின் அடியில் இரண்டு விரல் வைத்து, நுனியை நோக்கி மெதுவாக வழியுங்கள். இன்னொரு முகத்துக்குப் போதுமான நுரை வரும். நுரை நுனியில் காய்ந்துவிட்டால் சில சொட்டுத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றினால் உயிர் வந்துவிடும்.

அலசுவதும் காயவைப்பதும்

முடிந்ததும் ஓடும் தண்ணீரில் நுனி கீழே பார்க்க அலசுங்கள். உள்ளே நுரை இருக்கும், எனவே கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எடுத்து மேலும் கீழுமாக அமுக்கி எடுக்க வேண்டும், தண்ணீர் கலங்காமல் வரும்வரை. உதறி, துண்டில் முன்னும் பின்னும் நீவி, விரல்களால் கோதிப் பூவாக விரித்துவிடுங்கள். ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கவிடுவதா, நிமிர்த்தி வைப்பதா என்று பெரிய விவாதமே உண்டு. இரண்டும் சரிதான், காற்றுப்படும் இடமாக இருந்தால். மூடிய கண்ணாடி அலமாரிக்குள் ஈரத்தோடு வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளியலறையில் பிரஷ் காயவே காயாது. ஜன்னலோரமோ மின்விசிறி ஓடும் அறையோ பாருங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், முடி மொறமொறவென்று உடையும்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் மாதத்துக்கு ஒருமுறை ஒரு வேலை உண்டு. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, முடியை மட்டும் ஐந்து நிமிடம் வைத்து, நன்றாக அலசி, துளி ஷாம்புவில் ஒருமுறை கழுவுங்கள். அடியில் படிந்திருந்த கசடு கரைந்து போகும். பிரஷ் திடீரென்று விறைத்துப்போய் நுரை குறைகிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கசடுதான் காரணம்.

பயணத்தில் மூடியுள்ள குழாய் டப்பாவில் எடுத்துப் போகலாம். ஆனால் காலையில் ஷேவ் செய்து உடனே உள்ளே போட்டு மூடினால் சில நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். காயவைக்க நேரமில்லையென்றால் துண்டில் நன்றாக ஒற்றி, டப்பாவைத் திறந்தே பையின் மேல்பக்கம் வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை வெளியே எடுத்து நிறுத்திவிடுங்கள்.